வெள்ளையாகத் திரும்பிய பக்கம்

"எல்லாருக்கும் சிவப்பு மை. எனக்கு மட்டும் ஏன் சார் வெள்ளை?"

உலகம்மாள் கேட்டாள்.

ஆசிரியர் அருமைநாயகம் அவளுடைய பக்கத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தப்பு ஒண்ணும் இல்லையே டீச்சர்."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்தை எடுத்தார். அது பிலோமினாவுடையது. சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். பிறகு வெகுநேரம் தலை நிமிரவில்லை.

உலகம்மாள் அந்தக் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

பாளையங்கோட்டையில் அந்த வீட்டுக்கு 'முற்றுப்புள்ளி மடம்' என்று பேர். கேலியாக வைத்த பேர்தான். நாளடைவில் தபால்காரரும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அருமைநாயகம் ஒரு காலத்தில் பத்திரிகை ஆபீசில் பிழை திருத்தியவர். நாற்பது வயதுகூட இருக்காது. யார் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாலும் திருத்தித் தருவார். இலக்கணம் நடத்தமாட்டார். விதி சொல்லமாட்டார். கரும்பலகையும் கிடையாது.

செய்வதெல்லாம் ஒன்றுதான். எழுதியதை எழுதியபடி சத்தமாகப் படிப்பார். முற்றுப்புள்ளி இருந்தால் நிற்பார். இல்லாவிட்டால் நிற்கமாட்டார்.

ஒரு பேங்க் குமாஸ்தா ஏழெட்டு வாக்கியங்களைக் கமா போட்டு ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு வந்தார். ஆசிரியர் மூச்சு விடாமல் படித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் வந்தது. கடைசியில் இருமல் வந்து, பக்கம் கையிலிருந்து விழுந்தது.

"அண்ணாச்சி, அடுத்த வாரம் நான் உயிரோட இருக்கணும்" என்றார்.

அடுத்த வாரம் குமாஸ்தா பக்கம் முழுக்கப் புள்ளி வைத்துக்கொண்டு வந்தார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய பக்கம் சிவப்பு படாமல் திரும்பினால் அது தற்செயல். அடுத்ததும் வெள்ளையாகவே திரும்பினால் அவருடைய படிப்பு முடிந்தது. பின்கட்டில் இருக்கும் அடிபம்பில் தண்ணீர் அடித்து, முன்னறைப் பானையை நிரப்பிவைத்துவிட்டுப் போய்விடவேண்டும்.

போகிறவர் "நிறைஞ்சிருக்கு" என்பார்.

ஆசிரியர் "குடிக்கிறோம்" என்பார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அங்கே பக்கம் கொண்டுவர முடியாது.

எல்லாரும் அந்தப் பானைக்காகத்தான் வந்தார்கள். நர்ஸ் பரீட்சைக்குப் படிக்கிற பெண், பதவி உயர்வுக்குக் காத்திருக்கிற குமாஸ்தா, எல்லாரும். என்றைக்கு நிரப்புவோம் என்று ஏங்கினார்கள்.

உலகம்மாள் மட்டும் அந்தப் பானைப் பக்கமே திரும்பமாட்டாள். அவளுக்கு இன்னும் ஒரே ஒரு வெள்ளைதான் பாக்கி.

*

உலகம்மாள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். தன்னைவிட இளையவரிடம் படிக்க வந்திருக்கிறாளே என்று அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள்.

வந்த அன்றே ஆசிரியர் கேட்டார்.

"உங்களுக்கு இங்க என்ன டீச்சர் வேலை?"

"எழுதினதைக் காட்டணும்."

"காட்டி?"

அவள் கொண்டுவந்த பக்கத்தை நீட்டினாள்.

அவளுடைய வாக்கியங்கள் காலை வணக்கத்துக்கு நிற்கும் பிள்ளைகளைப்போல இருந்தன. ஒன்றுக்கொன்று ஒரு கை இடைவெளி. தலை வாரி, பொட்டு வைத்து, பார்வை நேராக. எங்கள் தெருவில் வேப்பமரங்கள் உள்ளன. காலையில் காற்று இதமாக வீசுகிறது. பால்காரர் குறித்த நேரத்தில் வருகிறார்.

அந்த முதல் பக்கத்தை ஆசிரியர் படித்தார். ஒவ்வொரு புள்ளியிலும் நின்றார். மூச்சு முட்டவில்லை. இருமல் வரவில்லை. பக்கம் முடிந்துவிட்டது.

பிலோமினாவின் பக்கம் அப்படி இல்லை.

பிலோமினா மாதா கோயில் வாசலில் மெழுகுவர்த்திக் கடை வைத்திருந்தாள். கப்பலில் வேலை பார்த்த புருஷன், ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கினவர், திரும்ப ஏறவில்லை. கம்பெனி ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியது. பிறகு எழுதவில்லை. கம்பெனிக்குத் தன் கையாலேயே எழுதிக் கேட்கவேண்டும் என்று மடத்துக்கு வந்தவள், வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கிறாள்.

அவள் எழுத்தில் எழுவாய் ஓரிடத்தில் இருக்கும். பயனிலை கிழக்கே போயிருக்கும். பாதியில் நின்ற வாக்கியங்கள், நிற்கத் தெரியாத வாக்கியங்கள், யார் செய்தார் என்று தெரியாத காரியங்கள்.

"பஸ்ஸில் ஏறிக்கொண்டே, மழை தொடங்கியது" என்று போன வருஷம், உலகம்மாள் வருவதற்கு முன்பு, ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

ஆசிரியர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பஸ்ல ஏறினது யாரு?"

"நான்தான் சார்."

"நீங்க இதுல இல்லையே. மழைதான் ஏறிருக்கு. டிக்கெட் எடுத்திச்சா?"

அறை முழுக்கச் சிரித்தது. பிலோமினாதான் அதிகமாகச் சிரித்தாள்.

உலகம்மாள் வந்தபிறகு ஒரு நாள், "ஏனென்றால் அவர் இறங்கிவிட்டார்" என்று எழுதிப் புள்ளி வைத்திருந்தாள்.

"இறங்கிட்டார். சரி. அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல சார்."

"ஏனென்றால்னு ஆரம்பிச்சா இன்னொரு பாதி வேணுமே, பிலோமினா."

"அந்தப் பாதி எங்கிட்ட இல்ல சார்."

ஆசிரியர் பேனாவை அந்த வரிக்கு மேலே பிடித்தபடி கொஞ்சநேரம் இருந்தார். பிறகு திருத்தாமல் அடுத்த வரிக்குப் போனார்.

அன்று வீட்டுக்குப் போன உலகம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பட்டமான தப்பு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகூட எழுதாத தப்பு. அதற்கு அவர் பேனா அத்தனை நேரம் நின்றது.

*

மறுநாள் உலகம்மாள் மெழுகுவர்த்தி வாங்கப் போனாள்.

அவள் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் இல்லை. மின்சாரமும் அப்போதெல்லாம் ஒழுங்காக இருந்தது.

"வாங்க டீச்சர். யாருக்கு நேர்ச்சை?" என்றாள் பிலோமினா.

"சும்மாதான்."

பிலோமினா இரண்டு மெழுகுவர்த்தியைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். அந்தத் தாள் மடத்திலிருந்து திரும்பிய பழைய பக்கம்.

"இதிலேயா பொதியிற?"

"கட்டுக்கட்டா கிடக்கு டீச்சர். இது தீர்றதுக்குள்ள கடைய மூடிருவேன் போல."

உலகம்மாள் வீட்டுக்கு வந்து மெழுகுவர்த்தியை ஓரமாக வைத்துவிட்டுத் தாளை நீவிப் பிரித்தாள். மெழுகு வாசனை. எழுதியதைவிடச் சிவப்பு அதிகம். ஓரத்தில் ஆசிரியரின் கையெழுத்து, சின்னச் சின்னதாக.

யார்?

இங்கே நில்லுங்க.

இது மூணு வரி முன்னாடி வந்திருக்கணும், பாவம், தனியா நிக்குது.

மூச்சு விடுங்க, பிலோமினா.

அந்தக் கடைசி வரியை உலகம்மாள் விரலால் தொட்டுப் பார்த்தாள். மை எப்போதோ காய்ந்துபோயிருந்தது.

அந்த வாரம் முழுக்க மெழுகுவர்த்தி வாங்கினாள். அலமாரியில் சின்னக் கோயில் அளவுக்குச் சேர்ந்துவிட்டது.

*

வெள்ளிக்கிழமைப் பக்கத்தை அவள் வியாழக்கிழமையே எழுத உட்கார்ந்தாள்.

தப்பாக எழுதுவது அவ்வளவு லேசான காரியமில்லை. இரண்டு வாக்கியங்களை ஒட்டினாள். மை காய்வதற்குள் கை தானாகப் போய் நடுவே புள்ளி வைத்துவிட்டது. அடித்துவிட்டுத் திரும்ப ஒட்டினாள். பயனிலை இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதினாள். அது பக்கத்தில் கிடந்து, பல் இல்லாத வாய்போல அவளையே பார்த்தது. சகிக்காமல் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

பிறகு கடைத்தாள்களை விரித்துவைத்துக்கொண்டாள். அதிலிருந்து ஒன்று, இதிலிருந்து ஒன்று. பஸ் என்று இருந்ததை ரயில் என்று மாற்றினாள். தெரியவா போகிறது.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அவளுடைய பக்கத்தை எடுத்தார். படித்தார். முதல் வரியிலேயே நின்றார்.

"'ரயிலில் ஏறிக்கொண்டே, மழை தொடங்கியது.'"

உலகம்மாள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

"இந்த மழை போன வருஷம் பஸ்ல போச்சே டீச்சர். எப்ப ரயிலுக்கு மாறிச்சு?"

குமாஸ்தா சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆசிரியர் மீதியை மனசுக்குள் படித்தார். படித்து முடித்ததும் பக்கத்தைப் பிலோமினாவிடம் நீட்டினார்.

"உங்க சாமான் எல்லாம் சரியா இருக்கா, பாருங்க."

பிலோமினா விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள்.

"இருக்கு சார், எல்லாம் என்னோடதுதான். துவைச்சு இஸ்திரி போட்டுல்லா வச்சிருக்காவ."

அறை சிரித்தது. உலகம்மாளுக்குக் காது மடல் சுட்டது.

ஆசிரியர் சிரிக்கவில்லை. பேனாவையும் தொடவில்லை. பக்கத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதுல உங்க தப்பு ஒண்ணும் இல்ல டீச்சர்."

அவள் பக்கத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். ஒரு துளி சிவப்பு இல்லை.

எல்லாரும் பானையைப் பார்த்தார்கள்.

*

பின்கட்டில் வெயில் ஏறியிருந்தது. உலகம்மாள் குடத்தைப் பம்புக்குக் கீழே வைத்து அடித்தாள். தண்ணீரைவிட இரும்புச் சத்தம்தான் அதிகம் வந்தது.

பிலோமினா பின்னாலேயே வந்து நின்றாள்.

"கோவமா டீச்சர்?"

"யாருக்கு?"

"அப்ப பம்பு எதுக்கு இந்த அடி வாங்குது?"

உலகம்மாள் இன்னும் ஓங்கி அடித்தாள்.

"இஸ்திரின்னு சொன்னது தப்புதான். நாக்கு நிக்காது எனக்கு. எழுத்தும் அப்படித்தான்."

"எது எழுதினாலும் உனக்கு அவர் உக்காந்து படிக்கிறார்."

"எப்படியும் படிக்கணும்லா. தப்பு அம்புட்டு இருக்கு."

"அதைத்தான் சொல்றேன்."

பிலோமினாவுக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆயிற்று. புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏ ஆத்தா. அதுக்கா அத்தனை மெழுகுவர்த்தி?"

உலகம்மாள் பம்பை விட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்க பக்கத்தைப் பாத்தா எனக்குத்தான் டீச்சர் வயிறெரியும். இப்படி எழுதினா கம்பெனிக்காரன் மறுநாளே பதில் போடுவான்னு நெனச்சுக்கிடுவேன்."

"நான் எழுதித் தரட்டுமா?"

கேட்டபிறகுதான் தன் குரலில் எவ்வளவு ஆசை இருந்தது என்று அவளுக்கே தெரிந்தது. இந்த ஒன்றிலாவது பிலோமினாவைவிட ஒரு படி மேலே நிற்கலாம்.

பிலோமினா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

"வேண்டாம் டீச்சர்."

"ஏன்? ஒரு தப்பு வராது."

"வராது. ஆனா நீங்க எழுதினா ஒருத்தர் தொலைஞ்சுபோன மாதிரியே இருக்காது."

சொல்லிவிட்டு, இடுப்பில் செருகிய முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். கோபமாகச் சொல்லவில்லை. மெழுகுவர்த்தி இத்தனை ரூபாய் என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

உலகம்மாள் பம்பு மேடையில் உட்கார்ந்தாள்.

இவளுக்கு என்ன தெரியும். ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவள். அவளுக்கு ஓர் ஆள் தொலைந்தார், ஊரே கேட்கிறது, ஆசிரியர் பேனாவைப் பிடித்தபடி காத்திருக்கிறார். எனக்கு எதுவுமே தொலையவில்லையா.

இடுப்பில் செருகியிருந்த அந்த வெள்ளைப் பக்கத்தையும் பேனாவையும் எடுத்தாள். பின்புறம் திருப்பி, முழங்கால்மேல் வைத்து எழுத ஆரம்பித்தாள். தாள் ஈரமாயிற்று. அவள் நிறுத்தவில்லை. புள்ளி வைக்கக் கை போகவில்லை. போகிறதா என்று பார்க்கவும் அவளுக்கு நேரமில்லை.

தாள் முடிந்த இடத்தில் எழுத்தும் நின்றது.

*

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பானையில் ஊற்றினாள். திரும்பப் போய் அடித்துக்கொண்டு வந்து ஊற்றினாள். தண்ணீர் கழுத்துவரை ஏறியது. மூடி போட்டாள்.

வழக்கப்படி பானைமேல் கை வைத்தாள்.

"நிறைஞ்சிருக்கு சார்."

ஆசிரியர் 'குடிக்கிறோம்' என்று சொல்லவேண்டும். நர்ஸ் பெண்ணும் குமாஸ்தாவும் அதற்காக எழுந்துகூட நின்றுவிட்டார்கள்.

அவர் அவளுடைய இடது கையைப் பார்த்தார்.

"அது என்ன?"

"ஒண்ணுமில்ல. குப்பை."

"பம்புகிட்ட போகும்போது பின்பக்கம் வெள்ளையாத்தானே இருந்துச்சு."

"போற வழியில போட்டுடறேன் சார்."

அவர் கையை நீட்டினார். நீட்டியபடியே வைத்திருந்தார்.

அவள் கொடுத்தாள்.

பாதி மை கரைந்திருந்தது. அவர் தாளை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது, தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"எனக்கு அவளைப் பிடிக்கவில்லை அவளுடைய தப்புகளைப் பிடிக்கவில்லை அவை ஏன் எனக்கு வரவில்லை முப்பது வருஷம் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தி என் விரலில் சிவப்பு மை போகவே இல்லை சோறு பரிமாறும்போது என் வீட்டுக்காரர் ஒருநாள்கூட அது என்ன ரத்தமா என்று கேட்டதில்லை வடக்கே பிலாயில் வேலை பார்த்தபோது நான் பக்கம் பக்கமாக எழுதுவேன் அவர் கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி போடுவார் அதனால் நான் குறைத்தேன் பிறகு இன்னும் குறைத்தேன் வேப்பமரம் காற்று பால்காரர் அதில் யாருக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை பம்பு அடித்துக்கொண்டே என் வீடு ஞாபகத்துக்கு வருகிறது அங்கே யாரும் இல்லை ஏனென்றால் அவர் செத்தபோதும் நான் ஆபீசுக்குத் தந்தி சரியாக எழுதினேன் ஒரு தப்பு இல்லை எல்லாரும் பாராட்டினார்கள் யாராவது ஒருவர் மூச்சு விடு என்று என்னிடம்..."

ஆசிரியருக்கு மூச்சு எப்போதோ முட்டிவிட்டது. முகம் கறுத்தது. கழுத்து நரம்பு புடைத்துத் துடித்தது. புள்ளி எங்கும் இல்லை. அவர் நிற்கவில்லை. கடைசிச் சொல்வரை வந்து, அதற்குமேல் சொல் இல்லாமல், இருமலில் மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

அறையில் யாரும் சிரிக்கவில்லை.

பிலோமினா எழுந்தாள். மூடியைத் திறந்து, உலகம்மாள் நிரப்பிய பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். அவர் குடித்தார். இன்னும் ஒன்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

உலகம்மாள் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு செருப்பைப் போட்டிருந்தாள். இன்னொன்று காலுக்கு அகப்படவில்லை.

ஆசிரியர் வாயைத் துடைத்துக்கொண்டார். மேஜைமேல் தடவிச் சிவப்புப் பேனாவை எடுத்தார். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு வந்து உக்காருங்க டீச்சர்" என்றார். "இதுக்கு நேரமாகும்."